சிக்னல் மாடல் சரியாக எரியவில்லையா? அறிகுறியைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம்

டிராஃபிக் சிக்னல் மாடல் செய்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏதோ ஒரு விளக்கு எரியவில்லை என்றதும் எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து கட்டுவார்கள், கட்டி முடிக்கும்போது பழைய பிழை போயிருக்கும், அதற்குப் பதிலாகப் புதிதாக இரண்டு வந்திருக்கும். மறுநாள் கண்காட்சி என்றால் அந்த ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. எங்கள் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த மாடலை முடித்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: தயவுசெய்து எதையும் பிடுங்காதீர்கள். விளக்கு எப்படித் தவறாக எரிகிறது என்பதை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எரியவே இல்லையா, மங்கலாக எரிகிறதா, ஒரே நிறத்தில் நிற்கிறதா, கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு அப்புறம் தடுமாறுகிறதா? இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறு, ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

நான் மனதில் வைத்து எழுதுவது ஆர்டுயினோ ஊனோ ஆர்3, புரோகிராம் ஏற்றி விளக்குகளை இயக்கும் சின்ன போர்டு. சிவப்பு 10-ஆம் பின்னில் (பின் என்பது போர்டில் ஒயர் செருகும் எண்ணிட்ட துளை), மஞ்சள் 9-இல், பச்சை 8-இல். ஒவ்வொரு எல்இடியின் நீளக் காலிலும் தனித்தனியாக ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை), மூன்றின் குட்டைக் காலும் கிரவுண்டுக்கு (போர்டில் ஜிஎன்டி என்று எழுதிய நெகட்டிவ் துளை). பாதசாரிக்கான பட்டன் 2-ஆம் பின்னில். உங்கள் பின் எண்கள் வேறாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் அவற்றை ஒரு தாளில் எழுதி மாடலின் அடியில் ஒட்டிவையுங்கள். பிழை தேடும்போது பாதி நேரம் "இந்த நீல ஒயர் எங்கே போகிறது" என்பதிலேயே போய்விடும்.

புரோகிராம் போர்டுக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். செல்போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான ஒயர் மட்டும்தான் இருக்கும், டேட்டா ஒயர் இருக்காது. போர்டில் பவர் விளக்கு பளிச்சென்று எரியும், கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒரு போர்டு இருப்பதே தெரியாது. ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில் போர்ட் பட்டியல் காலியாக இருந்தால் வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் டிரைவர். விலை குறைந்த போர்டுகளில் யூஎஸ்பிக்காக சிஎச்340 என்ற சிப் இருக்கும், விண்டோஸில் அதற்குச் சில நேரம் தனியாக டிரைவர் போட வேண்டியிருக்கும். உபுண்டு வைத்திருப்பவர்களுக்குப் போர்ட் பட்டியலில் தெரிந்தும் அனுமதி இல்லை என்று செய்தி வந்தால், உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

போர்ட் தெரிகிறது, ஆனால் 'நாட் இன் சிங்க்' என்று பத்து முறை திரும்பத் திரும்ப வருகிறதா? 0, 1 ஆகிய இரண்டு பின்களில் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கம்ப்யூட்டரோடு போர்டு பேசுவதே அந்த இரண்டு வழியாகத்தான், அங்கே எல்இடியோ பட்டனோ இருந்தால் பேச்சு தடைபடலாம். நாலு முனைச் சந்திப்பு செய்கிறவர்கள் பன்னிரண்டு விளக்குக்குப் பின் போதவில்லை என்று இவற்றையும் எடுத்துவிடுவார்கள். தேவையே இல்லை, ஏ0 முதல் ஏ5 வரை இருக்கும் ஆறு அனலாக் பின்களையும் சாதாரண டிஜிட்டல் பின்களாகவே பயன்படுத்தலாம். ஊனோவின் தம்பியான நானோ போர்டு வைத்திருந்தால் டூல்ஸ் மெனுவில் பிராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பல மலிவு நானோக்களுக்கு அதுதான் சாவி.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை

புரோகிராமைத் தொடாதீர்கள். எரியாத எல்இடியின் ரெசிஸ்டர் பக்க ஒயரை மட்டும் பின்னிலிருந்து எடுத்து 5 வோல்ட் துளையில் செருகுங்கள். நான் வேறு எதைச் சொன்னாலும் மறந்துவிடுங்கள், இந்த ஒரு சோதனையை மட்டும் மறக்காதீர்கள்: பிழை ஒயரிலா புரோகிராமிலா என்பது ஐந்து நொடியில் தெரிந்துவிடும். 5 வோல்ட்டில் எரிந்தால் எல்இடி, ரெசிஸ்டர், கிரவுண்ட் மூன்றும் நலம், கோளாறு பின் எண்ணிலோ புரோகிராமிலோதான். எரியாவிட்டால் புரோகிராமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எரியவில்லையா, எல்இடியைத் திருப்பி மாட்டுங்கள். நீளக் கால்தான் பாசிட்டிவ். கால்களை வெட்டிவிட்டீர்கள் என்றால் எல்இடியின் அடி விளிம்பை விரலால் தடவுங்கள், ஒரு பக்கம் வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கம் இருப்பது நெகட்டிவ் கால். ரெசிஸ்டரோடு இருக்கும்வரை திருப்பி மாட்டியதால் 5 வோல்ட்டில் பொதுவாக எல்இடி கெடாது, பயப்பட வேண்டாம்.

அடுத்தது பிரெட்போர்டு, அதாவது ஒயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை. ஐந்து துளை கொண்ட ஒரு வரிசை முழுவதும் உள்ளுக்குள் ஒன்றுதான். எல்இடியின் இரண்டு காலையும் அதே ஐந்துக்குள் செருகினால் இரண்டையும் ஒயரால் இணைத்துவிட்டது போல, விளக்குக்குள் மின்சாரம் போகாது. நடுவில் ஓடும் பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது. அப்புறம் ஓரத்தில் சிவப்பு, நீலக் கோடு போட்ட நீளப் பட்டை. பெரிய பிரெட்போர்டுகள் சிலவற்றில் அந்தக் கோடு சரியாக நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு விட்டுப்போயிருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே பட்டையே அங்கே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இடது பாதியில் கிரவுண்ட் கொடுத்துவிட்டு வலது பாதியில் இரண்டாவது சிக்னலைக் கட்டினால் அது முழுக்க இருட்டாகவே இருக்கும். குட்டி ஒயர் ஒன்றால் பாலம் போட்டால் போதும்.

ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 என்ற போர்டு வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளே வாங்க மட்டும்தான், வெளியே கொடுக்க மாட்டா. அங்கே எல்இடி மாட்டினால் என்ன செய்தாலும் எரியாது.

எரிகிறது, ஆனால் ஊதுபத்தி நுனி போல மங்கலாக

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் காரணத்தைத் தானாகவே சொல்லிக் கொடுக்கிறது. போன மழைக்காலத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தெர்மாகோல் பலகையில் அழகாக வரிக்குதிரைக் கோடு எல்லாம் வரைந்து சிக்னலைக் கொண்டுவந்தாள். பச்சையும் மஞ்சளும் பளிச்சென்று எரிந்தன. சிவப்பின் முறை வரும்போது மட்டும் விளக்கின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி, அறையின் டியூப்லைட்டை அணைத்தால்தான் கண்ணுக்கே தெரிந்தது. எல்இடி போய்விட்டது என்று மூன்று எல்இடி மாற்றியிருக்கிறாள், மூன்றும் அப்படியே.

சிவப்பு ஒயரை 5 வோல்ட்டுக்கு மாற்றச் சொன்னேன். கண் கூசும்படி எரிந்தது. அப்படியானால் பிழை புரோகிராமில். திறந்து பார்த்தால், செட்அப் பகுதியில் 8-க்கும் 9-க்கும் பின்மோட் வரி (பின் வெளியே கொடுப்பதா, உள்ளே வாங்குவதா என்று சொல்வது) இருக்கிறது, 10-க்கு இல்லை. பின்மோட் கொடுக்காத பின் பிறவியிலேயே இன்புட். இன்புட்டாக இருக்கும் பின்னுக்கு டிஜிட்டல்ரைட் மூலம் 'ஹை' (எரிய வைப்பது, அணைப்பது 'லோ') கொடுத்தால், சிப்புக்குள் பின்னை 5 வோல்ட்டோடு இணைக்கும் புல்அப் ரெசிஸ்டர் இயங்கும். அது 20,000 முதல் 50,000 ஓம் வரை. நம்முடைய 220 ஓம் வழியாக 14 மில்லிஆம்பியர் போகவேண்டிய இடத்தில், இந்தப் பெரிய ரெசிஸ்டரும் வழியில் சேர்ந்துகொள்வதால் 0.1 மில்லிஆம்பியர்தான் கசியும். அந்தக் கசிவுதான் ஊசிமுனை வெளிச்சம். ஒரு வரி சேர்த்து ஏற்றினோம், சிவப்பு எழுந்து நின்றது.

5 வோல்ட்டில் மாட்டியும் மங்கலாகவே எரிந்தால் ரெசிஸ்டரின் நிறக்கோட்டைப் பாருங்கள். சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்றால் 220 ஓம். சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றால் 22,000 ஓம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி போலத் தெரியும், பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்ப்பதே நல்லது. ஐந்து கோடு போட்ட நீல நிற ரெசிஸ்டர் என்றால் 220 ஓமுக்கு சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு என்று நான்கு கோடு வரும், கடைசிக் கோடு துல்லியத்தைச் சொல்வது. குழப்பமாக இருந்தால் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள், அளக்கும்போது ரெசிஸ்டரை போர்டிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும்.

பச்சை மட்டும் மற்ற இரண்டைவிடச் சோகையாக இருக்கிறதா? அது பிழையாகவே இல்லாமலும் இருக்கலாம். சிவப்பும் மஞ்சளும் 2 வோல்ட் அளவில் எரிந்துவிடும். இப்போது கிடைக்கும் அடர்பச்சை எல்இடிக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 5 வோல்ட் ஊனோவில் அது தெரியாது. 3.3 வோல்ட் தருகிற ஈஎஸ்பி32-இல் 220 ஓம் போட்டால் பச்சைக்கு மிச்சம் கிடைப்பது ஒன்றிரண்டு மில்லிஆம்பியர்தான், அங்கே பச்சைக்கு மட்டும் 47 அல்லது 68 ஓம் போடலாம்.

இரண்டு விளக்கு சேர்ந்து எரியும்போது ஒன்று அணைந்துவிடுகிறது

பிரிட்டனில் பச்சை வருவதற்கு முன்னால் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும், அந்த முறையில் செய்கிறவர்களுக்கும், தொடக்கத்தில் மூன்றையும் சேர்த்து எரியவிட்டுச் சோதிப்பவர்களுக்கும் இது வரும். காரணம் சிக்கனம். மூன்று எல்இடியின் குட்டைக் காலையும் சேர்த்து ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். தனித்தனியாக எரியும்போது எந்தக் குறையும் தெரியாது. இரண்டு சேர்ந்தால் குறைந்த வோல்ட்டில் எரிகிற சிவப்பு எல்லா மின்சாரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பச்சை அநேகமாக அணைந்தே போகும். ஆளுக்கொரு ரெசிஸ்டர், வேறு வழியில்லை. ரெசிஸ்டரே இல்லாமல் மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்குள் எடுப்பதுதான் நல்லது, 40 என்பது தாண்டவே கூடாத கோடு. ரெசிஸ்டர் இல்லாத எல்இடி அந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும், கொஞ்ச நாள் எரியும், அப்புறம் எல்இடியோ பின்னோ நிரந்தரமாகப் போய்விடும்.

சிவப்பு வந்தது, வந்த சிவப்பு போகவே இல்லை

இதற்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். சாதாரணமானது, ஈஃப் வரியில் இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் போட்டது. ஒன்று போட்டால் ஒப்பிடாது, மதிப்பையே மாற்றிவிடும், அதனால் எப்போதும் அதே நிலையில் நிற்கும். இரண்டாவது, பச்சையை ஏற்றிய வரிக்குக் கீழே சிவப்பை 'லோ' செய்யும் வரி விட்டுப்போனது. அப்போது மற்ற விளக்குகள் மாறிக்கொண்டே இருக்கும், சிவப்பு மட்டும் கூடவே எரியும்.

மூன்றாவதைத் தெரியாதவர்கள் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பையன் ஒருவன் சிவப்புக்கு 5 நொடி வைத்துச் சோதித்தான், அருமையாக ஓடியது. உண்மையான சிக்னல் போல இருக்கட்டும் என்று 40 நொடியாக மாற்றினான். இத்தனை மில்லிநொடி காத்திரு என்று சொல்லும் டிலே கட்டளையின் அடைப்புக்குள் 40 பெருக்கல் 1000 என்று எழுதியிருந்தான், படிக்க எளிதாக இருக்கும் என்று. சிவப்பு வந்தது, 40 நொடி போனது, 2 நிமிடம் போனது, அசையவில்லை. 30 என்று குறைத்தால் ஓடுகிறது, 40 என்றால் நிற்கிறது. போர்டு சூடாகிவிட்டது என்று முடிவுகட்டி டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

ஊனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. 30 பெருக்கல் 1000 என்பது 30,000, அடங்கிவிடுகிறது. 40 பெருக்கல் 1000 அடங்காமல் வழிந்து மைனஸ் 25,536 ஆகிவிடுகிறது. டிலேயோ மைனஸ் எண்ணை அறியாது, அதை ஒரு மாபெரும் மில்லிநொடிக் கணக்காக எடுத்துக்கொண்டு காத்திருக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 49.7 நாள். சிவப்பு ஒருநாள் மாறத்தான் செய்யும், ஒன்றரை மாதம் கழித்து! தீர்வு சுலபம், நேராக 40000 என்றே எழுதுங்கள், அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் கம்பைலரே பெரிய இடம் ஒதுக்கிக்கொள்ளும். பெருக்கல்தான் வேண்டும் என்றால் 40-ஐ ஒட்டி யூ, எல் என்ற இரண்டு பெரிய எழுத்தைச் சேருங்கள்.

அரை நிமிடம் ஒழுங்காக ஓடி, அப்புறம் மூன்றும் சேர்ந்து எரிகின்றன

மேலே சொன்ன நோயின் தங்கைதான் இது. டிலேயை விட்டுவிட்டு மில்லிஸ் (போர்டு இயங்க ஆரம்பித்து எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்வது) வைத்து எழுத ஆரம்பித்தவர்களுக்கு வரும். கடைசியாக மாறிய நேரத்தைச் சேமிக்கும் மாறியை 'இன்ட்', அதாவது மேலே சொன்ன 16 பிட் முழு எண் என்று அறிவித்திருப்பீர்கள். போர்டு இயங்க ஆரம்பித்து 32.7 நொடி ஆனதும் அந்த எண் வழிந்துவிடும், அதற்கப்புறம் "நேரம் ஆகிவிட்டதா" என்ற கேள்விக்கு எப்போதும் ஆமாம் என்றே பதில் வரும். விளக்குகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறும், நம் கண்ணுக்கு மூன்றும் சேர்ந்து கொஞ்சம் மங்கலாக எரிவது போலத் தெரியும். ரீசெட் அடித்தால் மறுபடி அரை நிமிடம் ஒழுங்கு. 'அன்சைன்டு லாங்' என்று மாற்றுங்கள், முடிந்தது.

பாதசாரி பட்டனை அழுத்தினால் சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை

பட்டன் மட்டமானது என்று புதிதாக வாங்கப் போவதற்கு முன்னால் ஒன்று கவனியுங்கள்: அழுத்திய அந்த நேரத்தில் எந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது? பச்சை எரியும் நடுவில் அழுத்தினால் கேட்பதில்லை, நிறம் மாறும் அந்தக் கணத்தில் அழுத்தினால் மட்டும் கேட்கிறது என்றால் பட்டன் மேல் குற்றமே இல்லை. டிலே 10,000 என்று எழுதினால் அந்த 10 நொடியும் போர்டு வேறு எதையும் பார்க்காது. நீங்கள் கதவைத் தட்டுகிறீர்கள், உள்ளே ஆள் தூங்குகிறார்.

இதற்காக உடனே மில்லிஸுக்குத் தாவ வேண்டியதில்லை. 10 நொடியை ஒரே துண்டாகக் காத்திருக்காமல், 10 மில்லிநொடித் துண்டுகளாக ஆயிரம் முறை காத்திருக்கும்படி ஒரு ஃபார் சுழலை எழுதுங்கள். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பட்டனைப் பார்க்க வேண்டும், அழுத்தப்பட்டிருந்தால் 'கோரிக்கை வந்தது' என்று ஒரு மாறியில் குறித்துவைக்க வேண்டும். அப்போதே விளக்கை மாற்றாதீர்கள். சாலையில் இருக்கும் பட்டனும் அப்படித்தான், அழுத்தியதை நினைவில் வைத்துக்கொண்டு முறை வரும்போதுதான் வண்டிகளை நிறுத்தும். நடப்பதற்கான பச்சை முடிந்ததும் அந்தக் குறிப்பை அழித்துவிட மறக்க வேண்டாம், இல்லையென்றால் ஒருமுறை அழுத்தியவர் ஊருக்குப் போன பிறகும் சிக்னல் அவருக்காக நின்றுகொண்டே இருக்கும்.

அழுத்தாமலே அழுத்தியது போல நடக்கிறது, கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே மாறுகிறது என்றால் அது வேறு கதை. அந்தப் பின் எங்கும் பிடிமானம் இல்லாமல் மிதக்கிறது. பின்மோடில் 'இன்புட் புல்அப்' கொடுத்து, பட்டனின் மறுபக்கத்தைக் கிரவுண்டில் மாட்டுங்கள். மேலே சிவப்பை மங்கவைத்த அதே உள் ரெசிஸ்டர்தான் இங்கே நமக்கு வேலை செய்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள், இப்படிக் கட்டினால் அழுத்தும்போது 'லோ', விடும்போது 'ஹை', ஈஃப் வரியில் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

எப்போதும் அழுத்தியே இருப்பது போலக் காட்டினால் பட்டனைப் பிடுங்கி 90 டிகிரி திருப்பி மாட்டுங்கள். அந்தச் சின்ன நாலு கால் பட்டனில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே சேர்ந்திருக்கும், தவறாகத் திருப்பி மாட்டினால் சேர்ந்த ஜோடியையே இரண்டு ஒயராலும் தொட்டிருப்பீர்கள்.

திடீரென்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது

ரயில்வே கேட் போலக் கம்பத்தை ஏற்றி இறக்க ஒரு சர்வோ மோட்டார் அல்லது ஒலி எழுப்பும் பெரிய பஸ்ஸர் சேர்த்தவர்களுக்கு இது அதிகம். உண்மையிலேயே ரீசெட் ஆகிறதா என்று உறுதிப்படுத்த, செட்அப் பகுதியில் போர்டிலேயே இருக்கும் 13-ஆம் பின் விளக்கை மூன்று முறை சிமிட்டச் சொல்லி எழுதுங்கள். ஓட்டத்தின் நடுவில் அந்த மூன்று சிமிட்டல் தெரிந்தால் போர்டு விழுந்து எழுகிறது. சர்வோ நகரத் தொடங்கும்போது நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் இழுக்கும், அந்த நொடியில் போர்டின் வோல்ட் சரியும். ரிமோட் காரில் போடும் சதுர 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் இன்னும் மோசம், அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது. செல்போன் சார்ஜரிலோ பவர் பேங்கிலோ ஓட்டுங்கள், சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள். தனியாகக் கொடுக்கும்போது இரண்டு பவரின் கிரவுண்டையும் ஒன்றாக இணைத்தே ஆக வேண்டும், அதை விட்டால் சர்வோ வெடவெடவென்று நடுங்கும் அல்லது அசையாது.

இரண்டு சாலைக்கும் ஒரே நேரத்தில் பச்சை

மாடல்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள், பார்க்க வருகிறவர் முதலில் கேட்பதே இதைத்தான். நிஜ சிக்னல் பெட்டிகளில், மோதிக்கொள்ளும் இரண்டு திசைக்கும் பச்சை போனால் உடனே கண்டுபிடித்துச் சிக்னலைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோக ஒரு தனிக் காவல் கருவியே வைக்கிறார்கள். நம் மாடலில் இது வருவது விளக்குகளை ஒவ்வொன்றாக அங்கங்கே ஏற்றி இறக்குவதால். ஆறு விளக்கின் நிலையையும் ஒரே அழைப்பில் வாங்கிக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன் எழுதி, நிறம் மாற்றுவதெல்லாம் அதன் வழியாக மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியைப் பார்த்தாலே சந்திப்பின் முழு நிலையும் தெரியும், இரண்டு பச்சை இருந்தால் கண்ணில் குத்தும். ஒரு சாலை சிவப்பானதும் அடுத்ததற்கு உடனே பச்சை கொடுக்காமல் ஒன்று அல்லது இரண்டு நொடி எல்லாப் பக்கமும் சிவப்பாக வையுங்கள், நடுவில் மாட்டிய வண்டி வெளியேற வேண்டும் அல்லவா.

வீட்டில் ஓடியது, பள்ளியில் ஓடவில்லை

ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வரும் குலுக்கலில் ஜம்பர் ஒயர் ஒன்று அரை மில்லிமீட்டர் மேலே வந்திருக்கும், அவ்வளவுதான். ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள், எதைத் தொடும்போது விளக்கு சிமிட்டுகிறதோ அதுதான் ஆள். கிளம்புவதற்கு முதல் நாளே எல்லாம் சரியாக ஓடும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மேலிருந்து ஒன்று, பின் எண்கள் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. ஒயர்களை ஊனோவில் செருகும் இடத்தில் ஒரு துளி ஹாட் குளூ வைத்தால் அசையாது, பிறகு சுலபமாக உரித்துவிடலாம். பையில் இரண்டு எல்இடி, இரண்டு 220 ஓம், நாலு ஜம்பர் ஒயர், டேட்டா போகும் என்று சோதித்துப் பார்த்த இன்னொரு யூஎஸ்பி கேபிள்.